நிறைந்த சலப்பையா, வெறும் சலப்பையா? கதிர்ச் சிகிச்சைக்குப் போகுமுன் யோசிக்க வேண்டியவை

எங்கள் பெரியம்மாவின் தண்ணீர்ப் போத்தலில் சிவப்புக் கியூட்டெக்ஸால் ஒரு கோடு இருந்தது. 500 மிலிலீற்றர் போத்தல். பாணி மருந்தோடு வரும் சின்ன அளவுக் கோப்பையால் 100 மிலிலீற்றர் ஊற்றி, தண்ணீர் நின்ற மட்டத்தில் அந்தக் கோட்டைப் போட்டோம். போத்தலை நிரப்பிக் கோடு வரை குடித்தால் 400. குடித்து 45 நிமிடம் கழித்து மெசின் அறைக்குள் போக வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்த ஐந்து வாரமும் எங்கள் வீட்டுப் பேச்சு அந்தக் கோட்டைச் சுற்றியே இருந்தது.

அந்தக் கோட்டுக்கு வருவதற்கு முன் நாங்கள் ஒரு பிழை விட்டோம். சிகிச்சையைத் திட்டமிடுவதற்கான சி.ரி. ஸ்கானுக்கு, சலப்பை, அதாவது சிறுநீர்ப்பை, நிறைந்திருக்க வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பெரியம்மா சொல் கேட்கிற ஆள். நிறைய வேண்டும் என்றால் நன்றாகவே நிறையட்டும் என்று ஒரு லீற்றருக்கு மேல் குடித்துவிட்டார். ஸ்கான் மேசையில் வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். படத்தைப் பார்த்த ரேடியோகிராபர் கேட்டார்: "அம்மா, இவ்வளவு தண்ணியோட 25 நாளும் உங்களால வர ஏலுமா?" பெரியம்மா "ஓம்" என்றார். "ஏலாது" என்றேன் நான். மறுநாள் குறைந்த தண்ணீரோடு இன்னொரு ஸ்கான் எடுத்தார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிறைந்த சலப்பையோடு போவதா, வெறுமையாக்கிவிட்டுப் போவதா, இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடித்துக்கொள்வதா? முடிவைச் சொல்பவர் டொக்டர்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த முடிவை ஒவ்வொரு நாளும் நிறைவேற்றுகிறவர் நோயாளி. தம்பிலுவிலிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வரும் ஒரு பெண்ணால் எது முடியும் என்பது அவருக்கும் வீட்டாருக்கும்தான் தெரியும். அதைத் திட்டம் போடுகிற அன்றே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.

சலப்பை ஏன் இவ்வளவு முக்கியம்

பெரும்பாலான பெண்களுக்குக் கருப்பை முன்பக்கமாகச் சரிந்து சலப்பையின் மேல் கிடக்கிறது, தலையணையில் தலை வைத்ததுபோல. தலையணை உப்பினால் தலை மேலே எழும்பிப் பின்னால் போகும். தலையணை வற்றினால் தலை முன்னால் விழும். சலப்பை நிறைவதற்கும் வற்றுவதற்கும் ஏற்பக் கருப்பையின் மேல்முனை சில பெண்களில் பல சென்ரிமீற்றர் தூரம் நகரும். கருப்பைக் கழுத்து அவ்வளவு நகராது. ஆனாலும் நகரும், பின்னாலிருக்கும் மலக்குடல் காற்றாலோ மலத்தாலோ வீங்கினால் அதுவும் ஒரு தள்ளுத் தள்ளும். சிலருக்குக் கருப்பை இயல்பிலேயே பின்பக்கமாகச் சரிந்திருக்கும். அவர்களில் இந்த அசைவு வேறு மாதிரி இருக்கும்.

மெசினுக்கு இது ஒன்றும் தெரியாது. திட்டமிட்ட அன்று எடுத்த படத்தை வைத்து, எங்கே எவ்வளவு கதிர் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். தோலில் குத்திய சின்னப் புள்ளிகளை வைத்து உடம்பை நேராக்கலாம், எலும்பு நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். உள்ளே கிடக்கும் கருப்பைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நிறைந்த சலப்பையோடு திட்டம் போட்டுவிட்டு வெறும் சலப்பையோடு போய்ப் படுத்தால், கருப்பை முன்னால் விழுந்து கதிர் விழும் எல்லைக்கு வெளியே போகலாம். வெறும் சலப்பையோடு திட்டம் போட்டுவிட்டு நிறைத்துக்கொண்டு போனால், அது மேலேயும் பின்னேயும் எழும்பி அந்தப் பக்கத்தால் வெளியே போகலாம். இரண்டிலும் கதிர் பட வேண்டிய இடத்தில் குறைகிறது, படக்கூடாத இடத்தில் கூடுகிறது.

படக்கூடாத இடங்களில் முதலாவது சிறுகுடல். சலப்பை நிறைந்தால் அது குடல் சுருள்களை இடுப்புக் குழியிலிருந்து மேலே தள்ளி வைக்கும். வற்றினால் அவை அப்படியே கீழே இறங்கிக் கதிர் விழும் இடத்தில் வந்து கிடக்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கும் வயிற்றோட்டமும் வயிற்றுப் பிடிப்பும் பெரும்பாலும் குடல் வாங்கிய கதிரின் பலன். அடுத்தது சலப்பையேதான். நிறைந்திருக்கும்போது அதன் மேற்சுவர் விரிந்து கதிரிலிருந்து விலகி நிற்கும், முழுக் கதிரையும் வாங்கும் பங்கு குறையும். சுருங்கிக் கிடந்தால் முழுச் சலப்பையும் உள்ளே அகப்படும்.

வழக்கமாக வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் 45 கிரே (கதிரை அளக்கும் அலகு), 25 தடவையாக, தடவைக்கு 1.8 கிரே. சில இடங்களில் 25 தடவையில் 50 கிரே. வாரத்தில் ஐந்து நாள் என்றால் ஐந்து வாரம். இதோடு உடல் தாங்குகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றுவார்கள். பிறகு, கதிர் வெளிப்படும் பொருளை உடம்புக்குள் வைத்து உள்ளிருந்து கொடுக்கும் கதிர். எல்லாவற்றையும் எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும், இழுபட இழுபட நோய் அடங்கும் வாய்ப்புக் குறையும். அதனால் "இண்டைக்குத் தண்ணி குடிக்கல்ல, நாளைக்கு வாறன்" என்று ஒரு நாளைத் தள்ளிவிடுவது பரிகாரம் ஆகாது.

நிறைந்த சலப்பை

குடலுக்கும் சலப்பைக்கும் நல்லது இதுதான், மேலே சொன்ன காரணங்களால். பல நாடுகளில், பல நிலையங்களில் இதுவே வழக்கம். முதலில் சலம் கழித்துவிட்டு, 300 முதல் 500 மிலிலீற்றர் வரை தண்ணீர் குடித்து, அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை காத்திருந்து, பிறகு சிகிச்சை. அறுவைச் சிகிச்சையில் கருப்பையை எடுத்தவர்களுக்கு இதன் பயன் இன்னும் கூட. கருப்பை இருந்த வெற்றிடத்தில் குடல் இறங்கி உட்கார்ந்துவிடும், அதை மேலே தள்ளி வைக்கச் சலப்பையை விட்டால் வேறு ஆள் இல்லை.

இதன் பலவீனம், ஒவ்வொரு நாளும் ஒரே நிறைவைக் கொண்டுவர முடியாதது. 400 மிலிலீற்றர் குடித்தால் 45 நிமிடத்தில் சலப்பையில் 400 வந்துவிடும் என்று நினைக்கிறோம். உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நன்றாகத் தண்ணீர் குடித்த உடம்பு வந்த மேலதிகத்தை உடனே வெளியே தள்ளும், நிமிடத்துக்கு 5 மிலிலீற்றருக்கு மேல்கூட. காய்ந்த உடம்பு குடித்ததைத் தனக்கென்று பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது மணித்தியாலத்துக்கே 25, 50 மிலிலீற்றர்தான் வரும். ஒரே போத்தல், ஒரே கோடு, ஒரே 45 நிமிடம், ஆனால் ஒருநாள் சலப்பையில் 250, இன்னொரு நாள் 50. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், விடியத் தொடங்கி பஸ்ஸில் வெந்து வந்த உடம்புக்குக் காலையில் ஊற்றும் அரை லீற்றர் எங்கே போகிறது என்றே தெரியாது. முதல் நாளிலிருந்தே பரவலாகக் குடித்து வந்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் இருக்கும்.

இன்னொன்று, சிகிச்சை முன்னேற முன்னேறச் சலப்பை சுருங்கும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எரிவும் அடிக்கடி முட்டுவதும் தொடங்கும். முதல் வாரத்தில் சுகமாகப் பிடித்து வைத்த அளவை ஐந்தாம் வாரத்தில் பிடித்து வைக்க முடியாது. இது பலவீனமோ பொறுமையின்மையோ இல்லை, சலப்பைச் சுவர் புண்பட்டிருக்கிறது. முதல் ஸ்கானில் சலப்பை எவ்வளவு பெரிதாக இருந்ததோ, கடைசி வாரத்தில் அந்த அளவுக்கும் உண்மைக்கும் இடைவெளி அவ்வளவு பெரிதாகும். பெரியம்மாவின் அந்த ஒரு லீற்றர் ஸ்கானை வைத்துத் திட்டம் போட்டிருந்தால் 25 நாளில் ஒரு நாள்கூட அந்தப் படத்தோடு உடம்பு ஒத்துவந்திருக்காது. என் கணக்கில் எல்லாத் தெரிவுகளிலும் மோசமானது இதுதான், அளவுக்கு மிஞ்சி நிறைத்துத் திட்டம் போடுவது.

வெறும் சலப்பை

மெசினுக்குப் போகும் முன் சலம் கழித்துவிட்டுப் போ, அவ்வளவுதான். குடிக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், வரிசை நீண்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். நாளுக்கு நாள் மாறும் அளவும் குறைவு, "வெறுமை" என்பது திங்கட்கிழமையும் வெறுமைதான், வெள்ளிக்கிழமையும் வெறுமைதான். சில நிலையங்கள் இதற்காகவே இதைத் தெரிவு செய்கின்றன. சலத்தை அடக்கவே முடியாதவர்களுக்கு, தும்மினாலும் இருமினாலும் கசிகிறவர்களுக்கு, வயது போனவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

விலை கொடுப்பது குடல். கூடுதலான சிறுகுடல் கதிருக்குள் வரும். சலப்பையும் முழுதாக உள்ளே வரும். முன்பு வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்து குடல் ஒட்டிக்கொண்டிருக்கிறவர்கள், குடல் வருத்தம் உள்ளவர்கள் இதைத் தெரிவு செய்யும் முன் டொக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் இதை முதல் தெரிவாக வைக்க மாட்டேன். ஆனால் நிறைத்துக்கொண்டு வர முடியாத ஒருவர், முடியும் என்று சொல்லி ஒவ்வொரு நாளும் வேறு அளவில் வருவதைவிட, வெறும் சலப்பையோடு திட்டம் போட்டு 25 நாளும் வெறுமையாகவே வருவது எவ்வளவோ மேல்.

நடுவிலுள்ள அளவு

எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது இது. "முட்டுகிறது, ஆனால் சிரமமில்லை, இன்னும் அரை மணித்தியாலம் இருக்கலாம்" என்கிற நிலை. ஒரு வளர்ந்த ஆளின் சலப்பை 400, 500 மிலிலீற்றர் வரை பிடிக்கும், சலம் போக வேண்டும் என்ற முதல் நினைப்பு 150, 200இலேயே வந்துவிடும். அந்த முதல் நினைப்புக்கும் அவசரத்துக்கும் இடையில் ஓர் இடத்தைப் பிடித்து, அதில் திட்டம் போட்டு, அதையே தினமும் தேடுவது. குடலை முழுதாக மேலே தள்ளாது, ஓரளவு தள்ளும். சலப்பை சுருங்கத் தொடங்கும் கடைசி வாரங்களிலும் எட்டிப்பிடிக்கக்கூடிய அளவு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எந்த மெசினில், எந்த முறையில் சிகிச்சை நடக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய முறையில் நான்கு பக்கத்திலிருந்தும் பெட்டி போலக் கதிர் விழும். பெட்டி அகலம், கருப்பை கொஞ்சம் நகர்ந்தாலும் உள்ளேயே இருக்கும், ஆனால் குடலும் சலப்பையும் நிறையவே வாங்கும். புதிய ஐ.எம்.ஆர்.ரி. முறையில் கதிரை நோயின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்து, சுற்றியுள்ளவற்றை விலக்கி அடிப்பார்கள். பக்கவிளைவு குறையும். அதே காரணத்தால் சலப்பையின் ஒழுங்கு அங்கே இன்னும் முக்கியம், எல்லை இறுக்கமாக இருப்பதால் சின்ன நகர்வுக்கும் விலை உண்டு. "புது மெசின் அல்லோ, அது பார்த்துக்கொள்ளும்" என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். உண்மை அதற்கு நேர்மாறு.

இதற்கு மேலும் ஒரு வழி உண்டு. சலப்பை நிறைந்தும் வெறுமையாயும் இரண்டு ஸ்கான் எடுத்து, அந்தப் பெண்ணின் கருப்பை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை முதலிலேயே அறிந்து, அந்த முழுத் தூரத்தையும் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய ஐரோப்பாவின் எம்பிரேஸ் 2 ஆய்வு இப்படி இரண்டு நிலையிலும் படம் எடுப்பதைப் பரிந்துரைத்தது. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் ஒரு படி மேலே போய், ஒரே நோயாளிக்குப் பல திட்டங்களைத் தயார் செய்து வைத்து, அன்றன்று மேசையில் எடுக்கும் படத்தில் சலப்பை எப்படித் தெரிகிறதோ அதற்குப் பொருந்தும் திட்டத்தை எடுத்து அடிக்கிறார்கள். நோயாளிமேல் சுமத்தும் பாரத்தை மெசின் பக்கம் மாற்றுகிற முறை இது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இதற்கு ஆளும் நேரமும் வேண்டும். நாள் முழுக்க வரிசை நிற்கும் இடத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. சலப்பையில் எத்தனை மிலிலீற்றர் இருக்கிறது என்று அடிவயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்று உண்டு. ஒரு நிமிட வேலை. அது இருக்கும் இடத்தில் "நிறைஞ்சிருக்கா?" என்று பெண்ணிடம் கேட்டு ஊகிக்க வேண்டியதில்லை. இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பஸ்ஸில் போய்வருவதா, பக்கத்தில் தங்குவதா

இந்தக் கேள்வியைச் சலப்பையோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. எங்கள் அனுபவத்தில் சலப்பையின் நிறைவைத் தீர்மானித்தது இதுதான்.

பெரியம்மா தம்பிலுவில். முதல் இரண்டு வாரம் தினமும் பஸ்ஸில் வந்து போனார். வீட்டைப் பார்க்க வேண்டும், ஆட்டுக்குக் குழை போட வேண்டும், இன்னொருவர் வீட்டில் போய்க் கிடக்கக் கூச்சம். விடிய நாலு மணிக்கு எழும்பி, அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி என்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பயணம். இரண்டாம் வாரம் ஒருநாள் மேசையில் படுக்க வைத்துப் படம் பார்த்தபோது சலப்பை சுருங்கிக் கிடந்தது. "தண்ணி குடிச்சீங்களா அம்மா?" "ஓம்." "எவ்வளவு?" "கோடு மட்டும்." போத்தலிலும் தண்ணீர் கோட்டு மட்டத்தில்தான் நின்றது. அன்று இறக்கி, உட்கார வைத்து, மறுபடி குடிக்கச் சொல்லி, கடைசி ஆளாக எடுத்தார்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "பஸ்ஸில வரக்குள்ள முட்டினா எங்க மனே போறது?" ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை. காலையில் தேத்தண்ணியும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து போத்தலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கோடு வரை ஊற்றிவிடுவார், திரும்பிப் போகிற பஸ்ஸை நினைத்து. அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இடுப்புக்குக் கீழே நடப்பதை ஓர் ஆண் பிள்ளையிடம் விளக்க முடியாத ஒரு பெண்ணுக்கு "ஓம்" என்பது பேச்சை முடிக்கிற சொல்.

மூன்றாம் வாரத்திலிருந்து கல்லடியில் எங்கள் வீட்டில் தங்கினார். என்ன மாறியது என்றால், தண்ணீர் குடிக்கப் பயம் போனது. முதல் நாள் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார், காலையில் எழும்பி ஒரு தம்ளர், அங்கே போய்க் கோடு வரை. நினைத்த நேரத்தில் கழிவறைக்குப் போகலாம் என்ற நிம்மதி ஒன்றுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு ஒரு நாளும் மேசையிலிருந்து இறக்கவில்லை.

எல்லோருக்கும் நகரில் சொந்தக்காரர் வீடு இல்லை, தெரியும். 25 நாளும் தங்க முடியாவிட்டால் கடைசி இரண்டு வாரமாவது தங்கப் பாருங்கள். சலப்பை புண்பட்டிருப்பதும், வயிற்றோட்டம் இருப்பதும், சோர்வும் அப்போதுதான். வார்டில் வைத்துச் சிகிச்சை தர முடியுமா என்று டொக்டரிடம் கேட்கலாம். தினமும் வந்துதான் ஆக வேண்டும் என்றால், திட்டமிடும் ஸ்கானுக்கும் அதே பஸ்ஸில், அதே நேரத்துக்கு எழும்பி வாருங்கள். அன்றைக்கு மட்டும் வான் பிடித்துச் சுகமாக வந்து நன்றாகக் குடித்துப் படம் எடுத்தால், அந்தப் படத்தில் இருக்கும் உடம்பு வேறு, மற்ற 25 நாளும் வரும் உடம்பு வேறு. படுவான்கரையிலிருந்து வாவியைத் தாண்டி வருகிறவர்களுக்கும் இதுவே. தூரம் குறைவாக இருந்தாலும் வெயிலும் காத்திருப்பும் குறைவில்லை.

முஸ்லிம் சகோதரிகள் சிலர் நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று காத்திருக்கும் இடத்தில் பேசிக்கொண்டார்கள். நோயாளி நோன்பைப் பிற்போட மார்க்கத்திலேயே இடம் உண்டு. மௌலவியிடம் கேட்கும்போது "ஊசி போடலாமா" என்று மட்டும் கேட்காமல், சிகிச்சைக்கு முன் தினமும் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிஸ்பிளாட்டின் ஏற்றும் வாரங்களில் சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் தண்ணீர் தேவை. கௌரி விரதமோ கந்தசஷ்டியோ பிடிக்கிற எங்கள் ஆட்களுக்கும் இதே பேச்சுத்தான்.

கோடு பொய் சொல்லும் நாட்கள்

சிஸ்பிளாட்டின் ஏற்றும் நாளில் கோடு பொருந்தாது என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் நாளத்தால் சேலைன் நிறைய ஏறும். அதற்குப் பிறகு வழமைபோல 400 குடித்து 45 நிமிடம் இருந்தால் சலப்பை வெடிக்கிற அளவுக்கு நிறையும். அந்த நாளில் கதிர் முதலா, சேலைன் முதலா என்று கேட்டு, சேலைன் முதல் என்றால் எவ்வளவு குடிப்பது, எப்போது சலம் கழிப்பது என்று கேளுங்கள். பிரஷருக்குச் சலம் போகிற குளிசை எடுப்பவர்களும், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் எல்லா நாளுமே மற்றவர்களைவிட வேகமாக நிறைவார்கள்.

மெசின் பழுதாகி வரிசை நீளும் நாட்களும் வரும். உங்கள் முறை எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு குடிக்கத் தொடங்குங்கள், வந்து இறங்கிய உடனே அல்ல. குடித்த பிறகு தாமதமானால் போய்ச் சொல்லுங்கள். முழுதாகக் கழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். பாதி சலம் போய்விட்டு நிறுத்தி "சரியாக்கிவிட்டேன்" என்று வந்து படுப்பது கணக்குக்கு உதவாது. தேத்தண்ணி, கோப்பி, சோடா வேண்டாம், அவை சலப்பையை உறுத்தி நிறையாமலே முட்ட வைக்கும். வெறும் தண்ணீர் போதும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், சலப்பை சரியாக இருந்தாலும் நிறைந்த மலக்குடல் பின்னாலிருந்து தள்ளும். ஆனால் வயிற்றோட்டம் தொடங்கிய பிறகு கீரையும் பப்பாசியும் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடாது.

எரிவு வந்தால் தண்ணீரைக் குறைக்கத் தோன்றும், பெரியம்மாவுக்கும் தோன்றியது. குறைத்தால் சலம் கெட்டியாகி இன்னும் எரிக்கும். சலத்தில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள், இருந்தால் மருந்து உண்டு. பழைய அளவைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் அதையும் அன்றே சொல்ல வேண்டும். தேவையானால் மறுபடி ஸ்கான் எடுத்துத் திட்டத்தை மாற்றுவார்கள், குடிக்கும் அளவையும் காத்திருக்கும் நேரத்தையும் திருத்துவார்கள். நாங்கள் நாலாம் வாரத்தில் கியூட்டெக்ஸ் கோட்டை அவர்கள் சொன்னபடி மேலே ஏற்றினோம், 400ஐ 300 ஆக்கி. நாமாகத் தீர்மானித்து இரகசியமாகக் குறைப்பது மட்டும் கூடாது.

நோய் சிறுநீர்க் குழாயை அடைத்து, முதுகுப் பக்கத்தால் சிறுநீரகத்துக்குள் குழாய் வைத்துப் பையில் சலம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அப்படி என்றால் எவ்வளவு குடித்தாலும் சலப்பை நிறையாது. சலக்குழாய் போட்டவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் குடித்துக் களைக்க வேண்டாம், அவர்களுக்குத் திட்டமே வேறு.

உள்ளிருந்து கதிர் கொடுக்கும் நாளில் எங்கள் போத்தலுக்கு வேலை இருக்கவில்லை. அன்று சலப்பைக்குள் குழாய் போட்டு, வெறுமையாக வைப்பதா, அளந்து தண்ணீர் விடுவதா என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நிலையத்துக்கு நிலையம் வழக்கம் மாறும். நிறைந்த சலப்பை குடலைத் தள்ளி வைத்தாலும், கதிர் வெளிப்படும் பொருள் இவ்வளவு கிட்ட இருக்கும்போது சலப்பைச் சுவருக்கு அது நல்லதா என்பதில் ஒரே பதில் இல்லை. அந்த நாளுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும், பழக்க தோஷத்தில் போத்தலை எடுத்துக் குடித்துவிடக்கூடாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

பெரியம்மாவின் பேத்திக்கு ஆறாம் ஆண்டில் பாடசாலையிலேயே இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுவிட்டார்கள், 2017இலிருந்து நம் நாட்டில் அது நடக்கிறது. பெரியம்மாவின் வயதுக்காரருக்கு அது கிடைக்கவில்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளலாம், போகச் சொல்லி வீட்டில் ஒருவர் தள்ள வேண்டியிருக்கிறது.

சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்குச் சலப்பை முட்டிக்கொண்டே இருந்தது, பிறகு மெல்ல அடங்கியது. மாதங்களோ வருடங்களோ கழித்துச் சலத்தில் இரத்தம் தெரிந்தால் வயதின் கோளாறு என்று விடாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும் என்று போகும்போது எழுதித் தந்தார்கள். அந்தத் துண்டைப் பெரியம்மா கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.